திருகோணமலை வீட்டுக்கு எத்தனை பி.ரி.யூ ஏசி? கூரையிலிருந்து கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

ஏசி வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "அறை எத்தனை அடி?" என்பதுதான். பத்துக்குப் பன்னிரண்டு என்றதும் "பன்னிரண்டாயிரம் போடுங்கோ" என்று பதில் வந்துவிடும். அந்தப் பதில் சில வீடுகளுக்குச் சரி. சில வீடுகளில் அது வீண் செலவு. இன்னும் சில வீடுகளில் அது காணவே காணாது. 120 சதுர அடி அறை ஒன்று மேல்மாடிக்குக் கீழே, நிழலில் இருந்தால் மணிக்கு 6,000 பி.ரி.யூ போதும். அதே அறை சீலிங் இல்லாத தகரக் கூரையின் கீழ், மேற்கு வெயில் பட இருந்தால் 18,000 உம் திணறும். அறையின் அளவு ஒன்றுதான். கூரையும் சுவரும் யன்னலும் வேறு.

அதனால் இந்தக் கணக்கை அடிமட்டத்தோடு தொடங்கினாலும், முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன

பி.ரி.யூ என்பது வெப்பத்தின் அளவு. ஒரு றாத்தல் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பரனைட் பாகை உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு பி.ரி.யூ. ஏசிப் பெட்டியில் எழுதியிருக்கும் 9,000, 12,000, 18,000, 24,000 எல்லாம் அந்த இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் அறையிலிருந்து எடுத்து வெளியே கொட்டக்கூடிய வெப்பம். 12,000 ஐத்தான் "ஒரு தொன்" என்கிறார்கள். மின்சாரக் கணக்கில் அது 3.5 கிலோவாற்று குளிர்ச்சி. இயந்திரம் இழுக்கும் கரண்ட் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த எண்கள் வெளியே 35 பாகை, உள்ளே 27 பாகை என்ற சோதனை நிலையில் எடுக்கப்படுபவை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும் நாட்கள் திருகோணமலையில் புதிதல்ல. வெளிப்பெட்டி வெயில் காயும் கொங்கிறீற் தளத்தில் இருந்தால் அதைச் சுற்றியுள்ள காற்று 42, 45 பாகைக்குப் போகும். அப்போது 12,000 என்று எழுதிய பெட்டி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்துதான் வேலை செய்யும். கணக்கின் கடைசியில் நூற்றுக்குப் பத்து சேர்ப்பது இதற்காகத்தான்.

முதல் வேலை: வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்

திருகோணமலை ஏறத்தாழ 8.6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆவணியின் நடுப்பகுதிவரை, அதாவது மிகச் சூடான மாதங்கள் முழுவதும், நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். "தெற்குச் சுவர்தான் சூடு" என்று வேறு நாட்டுக் குறிப்புகளைப் பார்த்து எழுதியவை இங்கே பொருந்தாது. வடக்கு யன்னலுக்கு அந்த மாதங்களில் நல்ல வெயில் வரும். ஆனால் சூரியன் உயரத்தில் நிற்பதால், யன்னலுக்கு மேல் இரண்டடி சன் ஷேட் இருந்தாலே அதை மறித்துவிடும்.

மேற்குப் பக்கம் அப்படியில்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு சூரியன் தாழ்ந்து, சன் ஷேட்டுக்குக் கீழால் நேரே கண்ணாடிக்குள் வரும். அந்த நேரத்தில் சுவரும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். மேற்கு யன்னல் உள்ள படுக்கையறைதான் ஏசி அளவைக் கூட்டும் முதல் குற்றவாளி. கிழக்கு வெயிலும் அதே அளவு கடுமைதான். ஆனால் காலையில் வந்து போய்விடும். இரவு படுக்கும் அறைக்கு அது பெரிய கவலை இல்லை.

ஒரு நாள் பின்னேரம் நான்கு மணிக்கு அறைக்குள் நின்று பாருங்கள். எந்தச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது, எந்தக் கண்ணாடிக்குள்ளால் வெயில் தரையில் விழுகிறது, கூரைப் பக்கமிருந்து முகத்தில் சூடு அடிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி பாருங்கள். சிலாப் கூரை அப்போதும் சுடும். பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை அது நடுச்சாமம்வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அஸ்பெஸ்டஸ் அல்லது தகர சீற்றுக்குச் சீலிங் அடித்திருந்தால் பொழுதுபட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஆறிவிடும். இரவில் மட்டும் ஏசி போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு முழு அளவைக் குறைத்துத் தரும்.

இரண்டாவது: அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள்

அடியில் அளந்தால் போதும். எழுத வேண்டியவை: தரையின் நீள அகலம், சீலிங் உயரம், வெளியே பார்க்கும் சுவர்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி, பக்கத்து அறைகளோடு சேர்ந்த உள் சுவர்கள், ஒவ்வொரு யன்னலின் கண்ணாடிப் பரப்பு, அது பார்க்கும் திசை, மேலே என்ன கூரை, கீழே மண் தரையா, இன்னொரு அறையா.

யன்னலுக்கும் கதவுக்கும் மேலே காற்றோட்டத்துக்கு விட்ட துளைகள், கிறில் மட்டும் போட்ட மேல் சட்டங்கள், ஓட்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளி, இவற்றையும் தவறாமல் எழுதுங்கள். நம் பக்க வீடுகள் காற்று வரவே கட்டப்பட்டவை. ஏசி போடும் அறைக்கு அந்த நல்ல குணமே பெரிய பிரச்சினையாகிவிடும்.

மூன்றாவது: வெப்பத்தைக் கூட்டுங்கள்

கீழே உள்ளவை இங்குள்ள சீமெந்துக் கல், செங்கல் சுவர்களுக்கும் வெயிலுக்கும் ஏற்ப எடுத்த வேலைக் கணக்குகள். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்கு, பி.ரி.யூவில்.

கூரை, ஒவ்வொரு சதுர அடிக்கும்:
- மேலே இன்னொரு அறை இருந்தால் 4
- வெயில் படும் வெறும் சிலாப் 20. வெள்ளை பூசி ஆண்டுதோறும் கழுவி வைத்த சிலாப் 12
- ஓட்டுக் கூரை, கீழே சீலிங் 14
- அஸ்பெஸ்டஸ் அல்லது தகர சீற், கீழே சீலிங் 18
- அதே சீலிங்கின் மேல் இரண்டங்குலக் கண்ணாடிக் கம்பளி விரித்தால் 5
- சீலிங் இல்லாத தகரம் 65

சுவர்: நிழலில் உள்ள வெளிச்சுவருக்குச் சதுர அடிக்கு 7, பின்னேர வெயில் நேரே படும் சுவருக்கு 18, ஏசி இல்லாத அறையோடு சேர்ந்த உள் சுவருக்கு 4. மேல்மாடி அறையானால் தரைக்கும் சதுர அடிக்கு 4. மண்ணில் பதிந்த தரைக்கு ஒன்றும் வேண்டாம்.

கண்ணாடி: முழு நிழலில் சதுர அடிக்கு 40. வெயில் நேரே வந்தால் 160. உள்ளே தடித்த திரைச்சீலை போட்டால் 110. வெளியே தட்டியோ மறைப்போ கட்டினால் 50. உள்ளே போடும் திரைக்கும் வெளியே கட்டும் தட்டிக்கும் உள்ள இந்தத் தூரத்தைக் கவனியுங்கள். திரையில் பட்ட வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. தட்டியில் பட்டது வெளியிலேயே நின்றுவிடும்.

ஆட்கள்: விழித்திருப்பவருக்கு 400, தூங்குபவருக்கு 250. ரீவி, கணினி, மின்குமிழ் முதலியன எத்தனை வாற்று என்று பார்த்து 3.4 ஆல் பெருக்குங்கள்.

காற்று: அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அடி வரும். துளைகள் அடைத்து, கதவு இடையிடையே மட்டும் திறக்கும் அறைக்குக் கன அடிக்கு 1. துளைகள் திறந்திருந்தால் 3 அல்லது 4. இதில் பெரும் பங்கு காற்றின் சூடல்ல, அதிலுள்ள ஈரம். கடலோரக் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாயால் வெளியே விடுவதற்கே ஏசியின் பலத்தில் கணிசமான பகுதி போகிறது.

அறையின் உயரம் கூடினால் கன அளவைக் கொண்டு முழுக் கணக்கையும் பெருக்கத் தேவையில்லை. சுவர்ப் பரப்பும் காற்றின் அளவும் தாமாகவே அதைக் கணக்கில் கொண்டுவந்துவிடும்.

ஓர் அறை, மூன்று வீடுகள்

10 க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. மேற்கே 12 அடிச் சுவர், அதில் 4 க்கு 4 யன்னல். இன்னொரு 10 அடிச் சுவரும் வெளியே, நிழலில். மற்ற இரண்டும் உள் சுவர்கள். பின்னேரம் இரண்டு பேர், 100 வாற்று ரீவி.

முதல் வீடு: மேல்மாடி, வெறும் சிலாப் கூரை. கூரை 2,400. மேற்குச் சுவர் யன்னல் நீங்க 104 சதுர அடி, 1,872. நிழல் சுவர் 700. உள் சுவர்கள் 220 சதுர அடி, 880. தரை 480. யன்னல் உள்ளே திரையோடு 1,760. ஆட்கள் 800. ரீவி 340. காற்று 1,200. மொத்தம் 10,432. நூற்றுக்குப் பத்து சேர்த்தால் ஏறக்குறைய 11,500. ஆக 12,000 பெட்டி.

இரண்டாவது வீடு: அதே அறை கீழ்மாடியில், மேற்கே விறாந்தை நிழல். கூரை 480, மேற்குச் சுவர் 728, நிழல் சுவர் 700, உள் சுவர் 880, யன்னல் 640, ஆட்கள் 800, ரீவி 340, காற்று 1,200. மொத்தம் 5,768, பத்து வீதம் சேர்த்து 6,350 அளவு. கடையில் வழமையாகக் கிடைக்கும் மிகச் சிறிய 9,000 பெட்டியே இதற்குத் தாராளம். இங்கே 12,000 வாங்குவது தவறு. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

மூன்றாவது: தனி வீடு, தகர சீற், சீலிங் இல்லை, சுவருக்கு மேல் வெளி திறந்தபடி. கூரை மட்டும் 7,800. காற்று 3,600. மற்றவை முதல் வீட்டைப் போலவே, தரைக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 17,752; சேர்க்க வேண்டியதைச் சேர்த்தால் 19,500. 18,000 பெட்டி வாங்கினாலும் பகலில் அறை குளிராது. இதே அறைக்குச் சீலிங் அடித்து இடைவெளிகளை அடைத்தால் 9,712, சேர்த்து 10,700. அப்போது 12,000 போதும். இந்த வீட்டுக்காரர் ஏசிக் கடைக்குப் போகுமுன் சீலிங் அடிக்கிற ஆளைத்தான் பார்க்க வேண்டும். சீலிங்கின் செலவு ஒரு முறை. பெரிய ஏசியின் கரண்ட் பில் மாதந்தோறும்.

நான்காவது: வாங்குமுன் அளவைக் குறையுங்கள்

முதல் வீட்டுக்கே திரும்புவோம். சிலாப்பின் மேல் வெள்ளை பூசினால் 960 குறையும். மேற்குச் சுவருக்கு வெளியே ஓரடி தள்ளிக் கிடுகுத் தட்டியோ மூங்கில் தட்டியோ, வெயில் மறைக்கும் பச்சை வலையோ கட்டினால் யன்னலில் 960, சுவரில் 1,144 குறையும். மொத்தம் 7,368க்கு வந்துவிடும். பத்து வீதம் சேர்த்தும் 8,100 தான். 12,000 கேட்ட அறை 9,000க்கு இறங்கிவிட்டது. தட்டியைச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். இடையில் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் தட்டியின் சூடு சுவருக்கே போகும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களுக்குக் கழற்றி வைக்கக்கூடியதாகக் கட்டினால் நெடுநாள் உழைக்கும்.

காற்றுத் துளைகளை அடைக்க நுரைப் பட்டியும் கண்ணாடி அல்லது பிளாஸ்ரிக் தகடும் போதும். சிமெந்து வைத்து மூடிவிட வேண்டாம். கரண்ட் போனாலும் மழைக்காலத்திலும் அந்தத் துளைகள் தேவைப்படும், கழற்றக்கூடியதாக அடையுங்கள். கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டி. சீலிங்கின் மேல் கம்பளி விரிப்பவர்கள், சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியில் இரு முனைகளிலும் வலையடித்த காற்று வழி விட வேண்டும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கம்பளிக்குள்ளாலும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

ஓட்டுக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத பழைய வீட்டில் ஏசி போடவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டின் இடுக்காலும் குளிர் போய்க்கொண்டிருக்கும். எந்த அளவும் காணாது.

ஐந்தாவது: பெரியது வாங்கினால் என்ன கெடும்

"கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். மின்விசிறியில் அது சரி. ஏசியில் சரியில்லை.

ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் எடுக்க வேண்டும். உள்பெட்டியின் சுருள் குளிர்ந்து, அதில் வியர்த்த நீர் தட்டில் விழுந்து, குழாயால் வெளியே வர, கம்பிரசர் (வெளிப்பெட்டிக்குள் வாயுவை அழுத்திச் சுற்ற வைக்கும் பகுதி) பத்துப் பதினைந்து நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். 6,000 போதுமான அறையில் 18,000 பெட்டியை மாட்டினால் நாலைந்து நிமிடத்தில் வெப்பநிலை இறங்கிக் கம்பிரசர் நின்றுவிடும். சுருளில் ஒட்டிய நீர் கீழே விழுமுன் விசிறிக் காற்றோடு மறுபடி அறைக்குள் வரும். அறை குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். படுக்கை விரிப்பு ஈரமாகத் தோன்றும். அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இது ஐப்பசி முதல் தை வரையான மழை மாதங்களில் மிக மோசமாகத் தெரியும். அப்போது வெயில் சூடு குறைவு, ஈரம் அதிகம். ஆனியில் சரியாக இருந்த ஏசி கார்த்திகையில் தொல்லை தருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அத்துடன் கம்பிரசர் அடிக்கடி நின்று நின்று தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் சாதாரண ஏசி ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கை ஒரு கணம் இழுக்கும். லைன் முடிவில் உள்ள ஊர்ப்புற வீடுகளில் அந்த நேரம் மின்குமிழ் மங்குவதைக் காணலாம்.

இன்வெர்ட்டர் ஏசி தேவைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் என்பதால் இந்தத் தவறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் குளிர்ச்சி அளவுக்குப் பக்கத்திலேயே குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். வாங்குமுன் அந்தக் குறைந்த எண்ணைப் பாருங்கள். விடியற்காலையில் உங்கள் அறைக்கு 2,500 தான் வேண்டும், இயந்திரம் 5,000க்குக் கீழே இறங்காது என்றால், இன்வெர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும்.

சிறியது வாங்கினால் வரும் கேடு வேறு. பின்னேரம் போட்டால் இரவு பதினொரு மணிவரை வைத்த அளவுக்கு வராது, கம்பிரசர் ஓயாது, பில் கூடும், ஆட்கள் பொறுக்க முடியாமல் 16 பாகையில் வைப்பார்கள். 16 இல் வைத்தால் வேகமாகக் குளிராது, நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான்.

கணக்கு இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால்: இரவில் மட்டும் போடுகிறவர்கள், நிழல் செய்ய இடமுள்ளவர்கள் சிறியதை எடுங்கள். பகலிலும் ஆள் இருக்கும் அறை, முதியவர் அல்லது நோயாளி படுக்கும் அறை என்றால் பெரியதை இன்வெர்ட்டராக எடுங்கள். பத்து வீதம் சேர்த்த பிறகு "இன்னும் ஒரு படி மேலே" என்று இரண்டாம் முறை கூட்டாதீர்கள்.

ஹோலுக்கு ஏசி

ஹோலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குசினியோடும் படியோடும் திறந்து கிடக்கும் ஹோலுக்கு எந்த அளவும் கணக்கில் நிற்காது. குளிர் காற்று கனமானது. தரையோடு பரவிக் கதவால் போய்விடும். அடுப்பின் சூடு வேறு சேரும். கதவோ கண்ணாடித் தடுப்போ வைத்து மூட முடிந்தால், அந்த மூடிய பகுதிக்கு மேலே சொன்னபடி கணக்குப் போடுங்கள். மூட முடியாவிட்டால் அந்தக் காசை ஒரு படுக்கையறைக்கு நன்றாகச் செலவழிப்பதே மேல்.

ஆறாவது: கரண்ட்டும் வயரும்

தகட்டில் உள்ள பி.ரி.யூவை வாற்றால் வகுத்துப் பாருங்கள். 12,000 ஐ 1,000 ஆல் வகுத்தால் 12. 1,250 ஆல் வகுத்தால் 9.6. எண் கூடினால் செலவு குறைவு. ஒரே அளவான இரண்டு பெட்டிகளை ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

மாதச் செலவையும் இப்படியே காணலாம். நிழல் செய்த அறைக்கு இரவில் சராசரி 5,000 பி.ரி.யூ வேண்டும் என்று வைப்போம். 11 ஆல் வகுத்தால் 455 வாற்று. எட்டு மணித்தியாலத்துக்கு 3.6 அலகு, மாதம் 109 அலகு. வெயில் படும் அறைக்கு 8,000 வேண்டுமென்றால் மாதம் 175 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது; மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறுகிறது, 180 ஐத் தாண்டிய ஒவ்வோர் அலகும் அதிகூடிய படியில் விழுகிறது. ஏற்கெனவே 90 அலகு பாவிக்கும் வீட்டில் முதல் கணக்கு 199 இல் நிற்கும், இரண்டாவது 265 இல். கிடுகுத் தட்டியின் பெறுமதி இங்கேதான் தெரியும்.

வயரிங்கில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். 9,000, 12,000 பெட்டிகளுக்கு மின் பலகையிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 16 அம்பியர் பிரேக்கர். 18,000க்கு 20 அம்பியர். தூரம் கூடினால் 4 சதுர மில்லிமீற்றர். 24,000க்கு 4 சதுர மில்லிமீற்றர் கட்டாயம். அதைப் பிளக்கில் செருகாமல் நேரே தனிச் சுவிட்சுக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஏசியையும் நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா, றிப் சுவிட்ச் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளுக்கு 15 அம்பியர் இணைப்பு இருக்கலாம். ஏசியோடு தண்ணீர் மோட்டரும் அயன் பெட்டியும் சேர்ந்தால் அது தாங்காது; 30க்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இரவு ஏழு, எட்டு மணிக்கு வோல்ற்று இறங்கும் இடங்களில் இன்வெர்ட்டரே ஏற்றது, அது மெதுவாகத் தொடங்குவதால்.

ஏழாவது: வெளிப்பெட்டிக்கு இடம்

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் போன்று கடலை ஒட்டிய இடங்களில் ஏசியைக் கொல்வது உப்பு. செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தால் வெப்பத்தை வெளியே விட முடியாது; 12,000 பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக 9,000 ஆகும், கரண்ட் மட்டும் குறையாது. இதற்குப் பெரிய அளவு வாங்குவது மருந்தாகாது. பூச்சிட்ட தகடு உள்ள பெட்டியாக எடுங்கள். கடலுக்கு நேரே முகம் வைக்காமல், வீட்டின் மறைவில், தெற்கு அல்லது வடக்குச் சுவரில் நிழலோடு மாட்டுங்கள். மேற்குச் சுவரில் உப்புக் குறையலாம், ஆனால் பின்னேர வெயில் அடிக்கும்; அங்கே வைத்தால் மேலே ஒரு மறைப்பு வேண்டும். தாங்கியும் ஆணியும் துருப்பிடிக்காத உருக்கு அல்லது நன்றாக நாகம் பூசியதாக இருக்கட்டும். சாதாரண இரும்புக்குப் பெயின்ற் அடித்தது இரண்டு மூன்று வாடைக்குமேல் தாங்காது. மாதம் ஒருமுறை பிரேக்கரை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதைப் பாவிக்காதீர்கள்.

பெட்டியின் பின்னால் ஓரடி, முன்னால் நாலடியாவது திறந்த வெளி வேண்டும். மூடிய பல்கனிக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டையே தான் இழுக்கும். "ஏசி சின்னனாய்ப் போச்சு" என்று சொல்லும் வீடுகள் பலவற்றில் உண்மையான குற்றம் இதுதான்.

எட்டாவது: மாட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

9,000, 12,000க்குப் பெரும்பாலும் கால் அங்குலம், மூன்றெட்டு அங்குலக் குழாய்கள். 18,000க்குக் கால், அரை அங்குலம். பெட்டியின் கையேட்டில் எழுதியதே முடிவு. குழாய் மடிந்து நசுங்கினால் அந்த இடத்தில் குளிர்ச்சி குறையும். பெட்டியோடு வரும் குளிர்விக்கும் வாயு குறிப்பிட்ட குழாய் நீளத்துக்குத்தான் கணக்கு. நீளம் கூடினால் தராசில் நிறுத்து வாயு சேர்க்க வேண்டும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வக்குவம் பம்ப் போட்டு 20 முதல் 30 நிமிடம் இழுக்க வேண்டும். சிலர் பெட்டியில் உள்ள வாயுவைக் கொஞ்சம் திறந்து விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். அதற்கு விடாதீர்கள். ஈரம் உள்ளே நின்றால் எண்ணெய் கெட்டுக் கம்பிரசர் போகும். புதிய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர் 32 என்ற வாயு மெல்ல எரியக்கூடியதும்கூட.

உள்பெட்டிக்கும் சீலிங்குக்கும் நடுவே ஐந்தாறு அங்குலம் விடுங்கள். காற்றை இழுப்பது மேல்பக்கத்தால். தண்ணீர்க் குழாய் முழு நீளத்துக்கும் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். மழைக் காலத்தில் 12,000 பெட்டி மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் விடக்கூடும். நடுவில் தொய்ந்தால் சுவரால் வழியும்.

எல்லாம் முடிந்ததும் ஏசியை மிகக் குறைந்த பாகையில், விசிறியை உச்சத்தில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். ஒரு வெப்பமானியால் மேலே இழுக்கும் காற்றையும் கீழே வரும் காற்றையும் அளவுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை இருந்தால் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது. 5, 6 தான் என்றால் வாயுக் குறைவு, மடிந்த குழாய், வெளிப்பெட்டிக்குக் காற்றின்மை என்ற மூன்றில் ஒன்று. மாட்டியவர் போகுமுன் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் குற்றம் அறையில். கதவிடுக்கு, காற்றுத் துளை, மேற்குக் கண்ணாடி என்று மூன்றாவது படியின் பட்டியலை மறுபடி எடுங்கள்.

பாவிக்கும்போது 26 பாகையில் வைத்துச் சீலிங் விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். வடிகட்டி வலையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். வலை அடைத்தால் சுருளில் பனி கட்டும், பிறகு அது உருகிக் கட்டிலில் சொட்டும். கச்சான் புழுதி அடிக்கும் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை.